ஃபிளைட் டிஸ்பேட்சர் ஆவதற்குப் பக்கவாசல்கள்: சென்னையில் தொடங்குபவர்களுக்கு

டிஸ்பேட்சர் வேலையைப் பற்றி விசாரிக்க வருகிற தம்பி தங்கைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணா, இண்டிகோவில் எப்போ ஆள் எடுப்பாங்க? ஏர் இந்தியாவில்?" எனக்குத் தெரியாது என்பதுதான் பதில். பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில்தான் சோறு சாப்பிடுகிறேன். பெரிய ஏர்லைன் ஒன்றின் அடையாள அட்டையை ஒரு நாளும் கழுத்தில் மாட்டியதில்லை. மீனம்பாக்கத்தைச் சுற்றி இந்தத் தொழிலுக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன. எந்த வாசலில் எந்த நேரத்தில் தட்ட வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வேலை என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

விமானம் கிளம்புவதற்கு முன்பே அந்தப் பயணத்தைக் காகிதத்தில் ஒருமுறை பறந்து பார்ப்பவர்தான் டிஸ்பேட்சர். எந்தப் பாதை, எந்த உயரம், எவ்வளவு எரிபொருள், போகிற ஊரில் வானிலை எப்படி, ரன்வே திறந்திருக்கிறதா, இறங்க முடியாவிட்டால் எந்த ஊருக்குத் திரும்புவது என்று எல்லாவற்றையும் பார்த்துத் திட்டம் போட்டு விமானியிடம் கொடுக்க வேண்டும். விமானம் பறக்கும்போது நிலைமை மாறினால் அவருக்குச் சொல்ல வேண்டும். கடைசி முடிவு கேப்டனுடையது. ஆனால் அவர் முடிவெடுக்கத் தேவையான எல்லாமே உங்கள் மேசையிலிருந்துதான் போகும்.

எரிபொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் போய்ச் சேர ஆகும் அளவை நிரப்பினால் போதாது. எதிர்பாராத செலவுக்கு என்று பொதுவாக அதில் 5 சதவீதம், இறங்க முடியாமல் மாற்று விமான நிலையத்துக்குப் போக ஒரு பங்கு, ஜெட் விமானமாக இருந்தால் அதற்கும் மேல் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் சுற்றுவதற்கான கடைசி இருப்பு. பயந்துகொண்டு அதிகமாக நிரப்பச் சொன்னால், அந்தக் கூடுதல் எடையைத் தூக்கிக்கொண்டு போகவே கூடுதல் எரிபொருள் செலவாகும், சரக்கையும் குறைக்க வேண்டி வரும். நல்ல டிஸ்பேட்சர் கஞ்சனும் இல்லை, ஊதாரியும் இல்லை. வீட்டு பட்ஜெட் போட்டுப் பழகிய அம்மாக்கள் இந்த வேலைக்கு வந்தால் பிரமாதமாகச் செய்வார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

பணம் கட்டுவதற்கு முன்

இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு லட்சக்கணக்கில் கட்டி "டிஸ்பேட்சர் கோர்ஸ்" சேர்ந்துவிடாதீர்கள்.

இந்தியாவில் டிஸ்பேட்சருக்கான அனுமதி நடைமுறையில் ஒரு விமான நிறுவனத்தின் வழியாகத்தான் வருகிறது. நிறுவனம் உங்களை வேலைக்கு எடுத்து, தான் ஓட்டும் விமான வகைக்குப் பயிற்சி கொடுத்து, மூத்தவர்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கி, பிறகு நாட்டின் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான டிஜிசிஏவிடம் உங்கள் பெயரை முன்வைக்கும். ஓட்டுநர் உரிமம் மாதிரி நீங்களே போய் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை. ஆகவே வெளியில் படிக்கும் சான்றிதழ் உங்களை உள்ளே அழைத்துப் போக உதவலாம், அதுவே அனுமதி ஆகிவிடாது.

நான் இதைத் தெரியாமல் ஏமாந்தவன். முதல் வருடம் ஒரு பயிற்சி மையத்தில் அப்பாவின் பிஎஃப் பணத்தைக் கட்டினேன். வேலை நிச்சயம் என்றார்கள். ஆறு மாதம் கழித்து வந்த "வேலை" ஒரு டிக்கெட் ஏஜென்சியில். பாடம் நன்றாகத்தான் நடத்தினார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அதே பாடத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்க வழி இருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

நேர்முகத் தேர்வுக்கு டெபாசிட், சீருடைக்கு முன்பணம், மருத்துவப் பரிசோதனைக்குக் கூகுள் பே என்று எவராவது கேட்டால் அந்த எண்ணை உடனே பிளாக் செய்யுங்கள். பெரிய ஏர்லைன் பெயரில் வரும் மோசடிதான் அதிகம்.

தகுதி விஷயம் சுருக்கமாக: பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் இருந்தால் நல்லது, அவை இல்லாவிட்டால் பல கதவுகள் மூடியே இருக்கும். டிஸ்பேட்சர் உரிமத்துக்கு சர்வதேச விதி சொல்லும் குறைந்தபட்ச வயது 21. ஏரோநாட்டிக்கல் பட்டம் கட்டாயம் இல்லை. குரோம்பேட்டை எம்ஐடியில் படித்தவரும் பக்கத்து மேசையில் இருப்பார், பிஎஸ்சி இயற்பியல் படித்தவரும் இருப்பார்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலரை மாதக்கணக்கில் காக்கவைப்பது. விமான நிலையத்துக்குள் நுழைய, விமானப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான பிசிஏஎஸ் வழங்கும் நுழைவு அட்டை வேண்டும், அதற்குப் போலீஸ் சரிபார்ப்பு உண்டு. ஆதாரில் ஒரு முகவரி, பாஸ்போர்ட்டில் ஊர் முகவரி, தங்கியிருப்பது பல்லாவரத்தில் என்று இருந்தால் ஃபைல் அங்கும் இங்கும் அலையும். வேலை தேடத் தொடங்கும் முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள்.

முதல் வாசல்: லோட் கன்ட்ரோல்

புதியவர்களுக்கு எளிதில் திறக்கும் கதவு கிரவுண்ட் ஹேண்ட்லிங் நிறுவனங்கள், அதாவது தரையில் நிற்கும் விமானத்துக்கான வேலைகளைச் செய்பவர்கள். பயணிகளைக் கையாளும் பிரிவை விட்டுவிட்டு, லோட் கன்ட்ரோல் அல்லது ராம்ப் (விமானம் நின்று சரக்கு ஏற்றும் இடம்) பக்கம் கேளுங்கள். விமானத்தில் எங்கே எவ்வளவு எடை வைப்பது, எடையின் மையம் வரம்புக்குள் இருக்கிறதா என்று கணக்குப் பார்த்து லோடுஷீட் தயாரிப்பதுதான் லோட் கன்ட்ரோல். முன்பக்கம் கனம் கூடினால் என்ன ஆகும், பின்பக்கம் கூடினால் என்ன ஆகும் என்பது புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும். கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஏற்ற வேண்டிய ஒரு கன்டெய்னர் வரவில்லை என்று ராம்பிலிருந்து வாக்கி-டாக்கியில் சொல்வார்கள். அந்தக் கடைசி நிமிட மாற்றத்தை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது.

இந்த வேலையில் இருக்கும்போதே ஆபத்தான சரக்குகளுக்கான பயிற்சியை முடித்துவிடுங்கள். 24 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது அது. லித்தியம் பேட்டரி, பெயின்ட், உலர் பனிக்கட்டி என்று சென்னைச் சரக்கில் எல்லாமே வரும். இந்தச் சான்றிதழ் உள்ளவரைச் சரக்கு நிறுவனங்கள் கூடுதலாக ஒரு பார்வை பார்க்கும்.

சம்பளம் குறைவு, வெயில் அதிகம். ஒன்றரை வருடத்துக்கு மேல் அங்கேயே உட்கார வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டாம் வாசல்: இரவில் பறக்கும் சரக்கு

சென்னைக்காரர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இங்கே இருக்கிறது. புளூ டார்ட் ஏவியேஷன் நிறுவனத்தின் தலைமையகமே சென்னைதான். போயிங் 757, 737 வகைச் சரக்கு விமானங்களை ஓட்டுகிறார்கள். சென்னையிலிருந்தே தொடங்கிய அஃப்காம் நிறுவனமும் 737 சரக்கு விமானங்களோடு களத்தில் இருக்கிறது. பயணிகள் விமான நிறுவனங்களையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் கண்ணில் படுவதில்லை.

கூரியர் சரக்கின் உலகம் இரவில்தான் விழிக்கிறது. மாலையில் சேர்ந்த பார்சல் காலையில் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்றால் விமானம் நள்ளிரவில்தான் பறக்க வேண்டும். அதற்கேற்ற உடம்பும் வீடும் வேண்டும். மெட்ரோவும் மின்சார ரயிலும் அந்த நேரத்தில் ஓடாது. பம்மல், பொழிச்சலூர், பல்லாவரம், திரிசூலம் என்று பக்கத்தில் அறை எடுத்துக்கொள்பவர்கள் நிலைக்கிறார்கள். அம்பத்தூரிலிருந்து பைக்கில் வந்து போனவர்கள் ஒரு மழைக்காலத்தோடு நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

சரக்கு விமான டிஸ்பேட்சில் பயணிகள் புகார் கிடையாது. அதற்குப் பதிலாக நேரம் உங்களை விரட்டும். ஒரு விமானம் தாமதமானால் அதன் பின்னால் நான்கு ஊர்களின் லாரிகள் காத்து நிற்கும்.

மூன்றாம் வாசல்: சார்ட்டர்

கேட்பவருக்கு முழு விமானத்தையும் வாடகைக்கு விடுவதுதான் சார்ட்டர். நான் இப்போது இருப்பது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுவேன்.

பெரிய ஏர்லைனில் வானிலைக்கு ஒருவர், பாதைக்கு ஒருவர், விமானிகள் ரோஸ்டருக்கு ஒருவர் என்று ஒரு தளம் முழுக்க ஆட்கள் இருப்பார்கள். இரண்டு மூன்று விமானம் வைத்திருக்கும் சார்ட்டர் நிறுவனத்தில் "ஆப்ஸ்" (விமானங்களை இயக்கும் பிரிவு) என்றால் ஒரு மேசை, இரண்டு போன், நீங்கள். அதிகாலை மூன்று மணிக்குப் போன் வரும். மாலேயிலிருந்து ஒரு நோயாளியைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும், எப்போது கிளம்ப முடியும் என்று கேட்பார்கள். அந்த நிமிடத்திலிருந்து எல்லாமே உங்கள் தலையில்: விமானிகளின் பணிநேரம் மீதமிருக்கிறதா, மாலத்தீவு அனுமதி, நிறுத்துமிடம், எரிபொருள், ஸ்ட்ரெச்சர் ஏற்றும் வண்டி, ஆம்புலன்ஸ் எந்த வாசலுக்கு வர வேண்டும், குடியேற்றப் பிரிவுக்குத் தகவல், மருத்துவக் குழுவுக்கு டீ உட்பட.

உள்நாட்டுப் பயணத்துக்கே சில எண்கள் இல்லாமல் விமானம் நகராது. ஃபிளைட் பிளான் போட்ட பிறகு விமானத் தகவல் மையம் தரும் எஃப்ஐசி எண்ணும் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வாங்க வேண்டும். (இந்த இரண்டாவது எண்ணை நாங்கள் ஏடிசி, அதாவது ADC, என்போம். கோபுரத்திலிருந்து விமானங்களுக்கு வழி சொல்பவர்களும் ஏடிசிதான், ஆனால் அது ATC. புதிதாக வந்தவர் ஒரு வாரம் குழம்புவார், யாரும் உதவ மாட்டார்கள்.) புறப்பாடு தள்ளிப்போனால் மறுபடி வாங்க வேண்டி வரும். வெளிநாட்டுப் பதிவு விமானம் இந்தியாவுக்குச் சார்ட்டராக வந்தால் டிஜிசிஏ தரும் ஒய்ஏ எண் வேண்டும்.

விமான நிலையங்களின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். சென்னை நாள் முழுக்கத் திறந்திருக்கிறது என்பதால் சேலமும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. சிறிய நிலையங்களுக்குப் பணி நேரம் உண்டு. அதற்குப் பிறகு இறங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு, கட்டணம் கட்டி நீட்டிக்க வேண்டும். தஞ்சாவூர் விமானப்படையின் தளம், அரக்கோணம் கடற்படையின் தளம். ஓடுபாதை இருக்கிறதே என்று அங்கெல்லாம் போய் இறங்க முடியாது. தேர்தல் வந்துவிட்டால் இந்த அறிவுதான் சோறு போடும். ஒரே நாளில் ஐந்து கூட்டம், ஐந்து ஊர், கடைசி ஊரில் தலைவர் இன்னும் பேசிக்கொண்டே இருப்பார், சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும், அங்கே ஹெலிகாப்டர் இரவில் எழும்ப வசதி இருக்காது. மேடைக்குப் பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்குப் போன் போட்டு "சார், இன்னும் பன்னிரண்டு நிமிஷம்தான்" என்று சொல்லும் தைரியம் எந்தக் கோர்ஸிலும் கற்றுத் தர மாட்டார்கள்.

என் மானம் போன கதை ஒன்று. சேர்ந்த மூன்றாவது மாதம். ஹைதராபாத்துக்கு ஒரு ஜெட், 12ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 1:45க்குப் புறப்பாடு. விமானத் துறை முழுக்க யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில்தான் இயங்கும், நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நேரத்தை ஒழுங்காக 20:15 என்று மாற்றினேன். தேதியை மாற்ற மறந்து 12 என்றே போட்டுவிட்டேன். யுடிசியில் அப்போது 11ஆம் தேதி. நான் போட்ட பிளான் அடுத்த நாள் இரவுக்கு. பயணிகள் ஏறி உட்கார்ந்தாயிற்று. காக்பிட்டிலிருந்து கேப்டன் போன் செய்தார்: "தம்பி, நம்ம பிளானே அவங்ககிட்ட இல்லைங்கிறாங்களே?" புதிதாகப் போட்டு, எண்கள் வாங்கி, கிளப்ப ஐம்பது நிமிடம் ஆனது. அவர் திட்டவில்லை. திரும்பி வந்ததும் ஒரு மலிவான கைக்கடிகாரத்தை யுடிசியில் வைத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இன்றும் இடது கையில் நம் நேரம், வலது கையில் யுடிசி. கல்யாண வீடுகளில் கேலி செய்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். சின்ன நிறுவனம் என்றால் முதலாளியின் அவசரம் நேரடியாக உங்கள் காதில் விழும். "மழைதானே, போய்ப் பார்க்கச் சொல்லுங்க" என்பார். முடியாது என்று எழுத்தில் சொல்லத் தெரிந்தவரே இந்தத் தொழிலில் நிற்கலாம். ஹோட்டல் புக்கிங் மட்டும் செய்யவைத்து அதற்கு "ஆப்ஸ் எக்ஸிகியூட்டிவ்" என்று பெயர் வைக்கும் இடங்களும் உண்டு. சேரும்போதே கேளுங்கள்: ஃபிளைட் பிளான் போடுவது யார், டிஜிசிஏ அனுமதிக்கு என் பெயரைக் கொடுப்பீர்களா, எத்தனை மாதத்தில்?

சொந்த விமானமே இல்லாத நிறுவனங்கள்

மற்றவர்களின் விமானங்களுக்குத் திட்டம் போட்டு, அனுமதி வாங்கித் தரும் டிரிப் சப்போர்ட் நிறுவனங்கள் இருக்கின்றன. பல நாட்டு விதிகள் தெரியவரும், ஆனால் பெரும்பாலான வேலை டெல்லி, பெங்களூரு, துபாய்ப் பக்கம். அடுத்தது மென்பொருள். ஜெப்பசன், லுஃப்தான்சா சிஸ்டம்ஸின் லிடோ போன்ற திட்டமிடும் கருவிகளைப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு அவற்றை உருவாக்கும் பக்கத்திலும் மதிப்பு உண்டு. திருவனந்தபுரத்தின் ஐபிஎஸ் நிறுவனம் விமான இயக்கத்துக்கான மென்பொருள் செய்கிறது, நம் ஊர் ராம்கோ சிஸ்டம்ஸ் விமானப் பராமரிப்புக்கான மென்பொருள் செய்கிறது. கோடிங் எழுதத் தெரிந்தவர்கள் சென்னையில் ஏராளம். எரிபொருள் கணக்கு ஏன் அப்படி வருகிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரிந்தவர்கள்தான் குறைவு. இரவுப் பணி உடம்புக்கு ஒத்துவராமல் போனவர்கள் ஐந்தாறு வருட அனுபவத்தோடு ஓஎம்ஆர் பக்கம் போய்விடுவது இப்போது சகஜம்.

ஹெலிகாப்டர் பக்கம் போக விரும்பினால் பவன் ஹன்ஸ் போன்றவர்களின் வேலை எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றி, அதாவது மும்பை, ராஜமுந்திரிப் பக்கம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு அது நடக்காது.

சிலர் இதோடு விமான நிலைய ஆணையமான ஏஏஐயின் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர் தேர்வையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு வேலை, வேறு தேர்வு. இயற்பியலும் கணக்கும் உள்ள பிஎஸ்சி அல்லது பொறியியல் பட்டம் வேண்டும், பொதுப் பிரிவுக்கு 27 வயது வரம்பு. தகுதி இருந்தால் எழுதுங்கள், தவறில்லை. இயற்பியலும் கணக்கும் இரண்டுக்கும் உதவும்.

வெளிநாட்டு உரிமம்

அமெரிக்காவின் விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ தரும் டிஸ்பேட்சர் சான்றிதழுக்கு 200 மணி நேரப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு உண்டு. எழுத்துத் தேர்வை 21 வயதில் எழுதலாம், சான்றிதழ் கைக்கு வர 23 ஆக வேண்டும். அங்கே பெரிய ஏர்லைன்களில் டிஸ்பேட்சரும் கேப்டனும் சேர்ந்தே பொறுப்பு, அதனால் அந்தச் சான்றிதழுக்கு உலகம் முழுக்க மரியாதை. ஆனால் அது வேலைக்கான விசா இல்லை. வாங்கிவிட்டு அமெரிக்காவில் வேலை கிடைக்கும் என்று கடன் வாங்கினால் கடன் மட்டும்தான் மிஞ்சும். வளைகுடாவில் இந்தச் சான்றிதழ் விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும், என்றாலும் எமிரேட்ஸ் நாட்டின் விமான ஒழுங்குமுறை அமைப்பான ஜிசிஏஏவுக்குத் தனி உரிம முறை உண்டு. என் யோசனை: இங்கே மூன்று வருட அனுபவம் முதலில், உரிமம் அடுத்து, முடிந்தால் நிறுவனத்தின் செலவில்.

வேலை கிடைக்கும் வரை வீட்டில் செய்ய வேண்டியது

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தினமும் காலையும் மாலையும் சென்னை விமான நிலையத்தின் மெட்டார், டாஃப் இரண்டையும் எடுத்து எழுதுங்கள். மெட்டார் என்பது இப்போதைய வானிலை, டாஃப் என்பது வரப்போகிற வானிலை. இரண்டும் இணையத்தில் இலவசம். பக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று தமிழில் ஒரு வரி. மூன்று மாதத்தில் ஊரின் காற்று பழகிவிடும். கோடையில் காலையில் மேற்கிலிருந்து காற்று, விமானங்கள் 25 ஓடுபாதையில் கடற்பக்கத்திலிருந்து வந்து இறங்கும். பிற்பகல் கடற்காற்று உள்ளே வந்ததும் எல்லாம் திரும்பி, அதே ஓடுபாதையின் மறுமுனையான 07க்கு மாறும். வடகிழக்குப் பருவத்தில் 07தான் அதிகம்.

அடுத்து, நடந்தவற்றை எடுத்து நீங்களே திட்டம் போட்டுப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் போயின. 2018 போகி அன்று புகைமூட்டத்தில் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பின. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதையே தண்ணீரில் நின்றது, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்காக மறுபடி மூடினார்கள். அந்த நாட்களில் ஒரு சரக்கு விமானம் உங்கள் கையில் இருந்தால் மாற்று ஊராக எதைப் போட்டிருப்பீர்கள்? உடனே பெங்களூரு என்பீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், அதனாலேயே அங்கே நிறுத்த இடம் இருக்காது. திருச்சியா, ஹைதராபாத்தா, கிளம்பாமலே இருப்பதா? ஒவ்வொன்றுக்கும் எரிபொருள் எவ்வளவு கூடும் என்று கணக்கு எழுதுங்கள். தவறாக வந்தாலும் பரவாயில்லை.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது இந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். நான் ஆள் எடுக்க உட்காரும்போது முதலில் கேட்பது, இன்று காலை மெட்டார் பார்த்தீர்களா என்பதுதான். போன மாதம் வந்த ஒரு பெண் பதில் சொல்லாமல் நோட்டைத் திறந்து நீட்டினாள். அன்றைய பக்கத்தில் "பனி இல்லை, ஆனால் பல்லாவரம் குன்று தெரியவில்லை, யாரோ குப்பை எரிக்கிறார்கள்" என்று எழுதியிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டேன்.